மாதையன் புல் நட்ட இடம்

அந்த எட்டு மாதத்தில் அம்சவல்லிக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. யார் எது சொன்னாலும் செய்துவிடுவாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். படு என்றால் படுப்பாள். பக்கத்து வீட்டு முத்தம்மாள், "எங்க சாமைக் கொல்லையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்க, போளூர் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால், அவள் திரும்பி வரும்வரை வரப்பிலேயே நிற்பாள். குருவி வந்தால் விரட்டுவாள். வராவிட்டால் சும்மா நிற்பாள். வெயில் ஏறியதோ தூறல் போட்டதோ அவளுக்குப் பெரிதாகத் தெரியாது.

முன்பு அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பதினெட்டு வயதில் மாதையனுக்குக் கட்டிக்கொடுத்து, ஜமுனாமரத்தூருக்கு அப்பால் நாலு மைல் உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்தே, ஊரில் பெரிய வாய் அவளுடையதுதான். குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போன வருஷம், ஒழுகுகிற கொட்டகையில் பொம்பளைகளைத் தங்க வைத்தான் என்று மேஸ்திரியைத் தோட்டத்து ஜனம் முழுக்கப் பார்க்க நிற்க வைத்துக் கேட்டவள். மறுநாளே தகரம் மாற்றினார்கள். மாதையன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அதிகம் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள். ஒரே மகள் கல்பனா. திருப்பத்தூரில் நர்ஸ் படிப்பு இரண்டாம் வருஷம்.

மாசி மாதத்தில், புளி உலுக்கப் போன இடத்தில், மாதையன் மரத்திலிருந்து விழுந்து செத்துப் போனான். கழுத்தில் அடி. விழுந்த நிமிஷமே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். காரியம் முடியும்வரை அம்சவல்லி அழவில்லை. அழுதுடு, அழுதுடு என்று சுற்றி உட்கார்ந்த பெண்கள் முதுகைத் தட்டினார்கள். மற்றதெல்லாம் சொன்னபடி செய்தவளால் அது ஒன்றைத்தான் செய்ய முடியவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்பனா வீட்டுக்கு வந்தபோது சொன்னாள்:

"ம்மா, அந்த ஆனந்தி மேடம் மறுபடியும் போன் பண்ணாங்க. அப்பா சாமான் அங்கயே கீதாம். எத்தினி வாட்டிதான் கூப்புடுவாங்க பாவம். புதன்கிழமை ஒரு நடை போய் வாங்கிக்கினு வந்துடேன்."

"சரி," என்றாள் அம்சவல்லி.

மாதையன் கடைசி இரண்டு வருஷம் வாரத்தில் மூன்று நாள் அந்த ஆனந்தியின் தோட்டத்தில்தான் வேலை பார்த்தான். போளூர் இறக்கத்துக்கு முன்னால் ரோட்டோரமாக இருந்தது அது. ஒருமுறைகூட அவள் அங்கே போனதில்லை. என்ன வேலை என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறாள்.

"புல்லு நடறோம்."

"இன்னாது?"

"புல்லுதான். மலை மேலேருந்து வேரோட பேத்துக்கினு வந்து நடறோம்."

"மாட்டுக்கா?"

"மாடெல்லாம் இல்ல. பார்க்கறதுக்கு."

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் முத்தம்மாளே எட்டிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து சாமைக் கொல்லையில் குனிந்து புல்லைப் பிடுங்கியே முதுகு போனவள் அவள். அதை ஒருத்தர் ஆள் வைத்து நடுகிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வாள்? மாதையனும் சிரித்தான். அதற்கு மேல் அவள் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை.

புதன்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். வளைவில் கண்டக்டர் இறங்கச் சொன்னார். இறங்கினாள். இரண்டு கல்தூண், நடுவில் கம்பிக் கதவு. உள்ளே ஓர் ஆள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சந்தவாசல்காரர், பேர் கோவிந்தன். தோட்டத்து மோட்டார் அறையிலேயே தங்கிக் காவல் பார்க்கிறவர்.

"யாரும்மா?"

"மாதையன் வூட்ல."

கோவிந்தன் குழாயைக் கீழே போட்டுவிட்டார். "வாம்மா, உள்ள வா," என்று கதவைத் திறந்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அம்சவல்லி நின்றாள்.

"தோட்டம் எங்கண்ணா கீது?"

"இதாம்மா தோட்டம். நீ நிக்கறதே அதுலதான்."

அவள் பார்த்தாள். இடுப்பு உயரத்துக்குப் புல். மேட்டிலிருந்து சரிவு முழுக்கப் புல். பாத்தி இல்லை, வரிசை இல்லை, ரோஜாத் தொட்டி ஒன்றுகூட இல்லை. ஆள் இல்லாமல் இரண்டு வருஷம் கரம்பாகக் கிடந்த கொல்லை மாதிரி இருந்தது. சரளைக் கல் கொட்டிய ஒற்றையடிப் பாதை மட்டும் சுத்தமாக, அந்தப் புல்லுக்குள் நுழைந்து வளைந்து போனது. தலையில் பனையோலைத் தொப்பியும் முழங்காலில் பட்டையும் போட்ட ஓர் அம்மாள் அந்தப் பாதையில் வேகமாக வந்தார். அதுதான் ஆனந்தி. வேலூரில் காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"வாங்க அம்சவல்லி. எத்தனை மாசமா நினைச்சிட்டிருக்கேன். மோர் குடிக்கிறீங்களா?"

"சரிங்க."

மோர் குடித்தாள். ஆனந்தி அறைக்குள் போய் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு துண்டு, சாப்பாட்டு டப்பா, தேய்ந்த செருப்பு, பிடி பளபளத்துப் போன மண்வெட்டி. அம்சவல்லி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவனுடையதுதான். திருப்பிப் பையில் வைத்தாள். கை நடுங்குமோ, தொண்டை அடைக்குமோ என்று உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் அவளே காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மண்வெட்டிப் பிடி லேசாக ஆடுகிறது, ஆப்பு அடிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"அவர் செஞ்சதை ஒரு சுத்து பார்த்துட்டுப் போங்களேன்," என்றார் ஆனந்தி.

"சரிங்க."

நடந்தார்கள். ஆனந்தி நின்று நின்று சொல்லிக்கொண்டே போனார். அது ஊசிப்புல், தண்டு செம்பு நிறத்துக்கு வந்துவிட்டது பாருங்க. இது வெட்டிவேர், ஓடைப் பக்கமிருந்து கொண்டுவந்தது. துடைப்பம் கட்டுகிற அந்தச் சீமார்ப்புல்லை அவர்தான் இப்படி மேட்டு உச்சியில் வைக்கச் சொன்னார், காலை வெயில் பின்னாலிருந்து விழும் என்று. நான் கீழே வைக்கணும்னு படம் போட்டிருந்தேன். அவர் சொன்னதுதான் சரியாப் போச்சு. புல்லுக்கு நடுவே ஆங்காங்கே கண்வலிக்கிழங்குக் கொடி ஏறி நெருப்பு மாதிரிப் பூத்திருந்தது. பேய்மிரட்டி ஊதாக் கொத்து கொத்தாக நின்றது. நட்டுவிட்டால் வருஷா வருஷம் வேரிலிருந்து தானே எழுந்து வருகிற செடிகளாகப் பார்த்துத்தான் வைத்ததாம். பூ முடிந்து காய்ந்த தண்டையும் வெட்டுவதில்லையாம். விதைக்குக் குருவி வரும், காய்ந்ததும் ஓர் அழகுதான் என்றார் ஆனந்தி.

அம்சவல்லி தலையாட்டினாள். காற்று வந்தபோது மேடு முழுக்கச் சாய்ந்து நிமிர்ந்தது. அவளுக்கு எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. நன்றாக இருக்கிறதே என்று தோன்றவில்லை. இந்த மனுஷன் வீட்டில் கதவுக்கு எந்தப் பக்கம் கீல் வைப்பது என்றுகூடச் சொன்னதில்லை. இங்கே புல்லை எங்கே வைப்பது என்று சொல்லியிருக்கிறான். அது மட்டும் புதிதாகக் காதில் விழுந்தது.

ஆனந்திக்கு போன் வந்தது. "ரெண்டு நிமிஷம்," என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போனார். அம்சவல்லி பையைக் கீழே வைத்துவிட்டுப் பாதையோரம் குந்தினாள்.

ஆனந்தி திரும்பி வந்தபோது, "ஐயோ," என்றார்.

அம்சவல்லி குனிந்து பார்த்தாள். அவள் காலடியில் ஒரு சாண் உயரப் புல் வேரோடு கட்டுக் கட்டாகக் கிடந்தது. இரண்டு முழம் நீளத்துக்கு மண் வெறிச்சென்று இருந்தது. அவள் கையிலே இன்னும் ஒரு பிடி. எப்போது பிடுங்க ஆரம்பித்தாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நகக்கண்ணில் மண் ஏறியிருந்தது.

"நான் பிடுங்கலிங்க," என்றாள். பிறகு கையைப் பார்த்து, "இதுதாங்க பிடுங்கிச்சு," என்றாள்.

"பரவாயில்ல, பரவாயில்ல. இந்த ஆடி மாசம் போட்ட நாத்துதான். திருப்பி வச்சிடலாம்."

அம்சவல்லி எழுந்திருக்கவில்லை. அந்தப் பிடிப் புல்லைக் கையில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தாங்க. அவரு மேல உலுக்கறாரு, நான் கீழ பொறுக்கறேன். கெளை மாறும்போது கோணியைச் சுருட்டிக் கீழ போட்டுட்டுத்தான் மாறுவாரு. பொத்துன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. கோணின்னு நெனச்சிக்கினேன். நிமிந்தே பார்க்கல. பொறுக்கிக்கினே இருந்தேன். அப்புறம் உலுக்கற சத்தத்தைக் காணோம். பீடி புடிக்கிறாரு போலன்னு நெனச்சிக்கினேன். அப்பவும் பொறுக்கறேன். கூடை ரொம்பிப் போச்சு. ரொம்பின கூடையத் தூக்கிக்கினு திரும்பினா, பத்தடியில கெடக்கறாரு." சற்று நிறுத்தினாள். "ஒரு கூடைங்க. ஒரு கூடை ரொம்ப எவ்ளோ நேரம் ஆவும்? அவ்ளோ நேரம் அங்கியே கெடந்துகீறாரு. என் கை பொறுக்கிக்கினு இருந்துச்சு."

டாக்டர் சொன்னதை அவளும் கேட்டவள்தான். அவள் ஓடியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தெரிதல் ஒரு பக்கம் இருந்தது, அந்தக் கூடை இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டும் இதுவரை ஒன்றையொன்று தொடவில்லை. ஊரில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. பெற்ற மகளிடமும் சொன்னதில்லை.

ஆனந்தி முழங்கால் வலியை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல அம்சவல்லி," என்றார்.

"ஒன்னியும் சொல்ல வேணாங்க."

பிறகு அம்சவல்லி மண்வெட்டியை எடுத்து மண்ணைக் கீறினாள். பிடுங்கிய புல்லை ஒவ்வொரு பிடியாக வைத்து மண்ணை அணைத்தாள். புல்லை அவள் நட்டது அதுதான் முதல் தடவை. வேர் அறுந்தது கொஞ்சம் போகும், மீதி பிடித்துக்கொள்ளும் என்றார் ஆனந்தி. கோவிந்தன் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். எல்லாம் முடிந்து பார்த்தால் ஆனந்தியால் எழுந்திருக்க முடியவில்லை. கோவிந்தன் ஒரு கையும் அம்சவல்லி ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

கதவருகில் ஆனந்தி தயங்கித் தயங்கிக் கேட்டார். "வாரத்துல ரெண்டு நாள் வேலைக்கு வர முடியுமா உங்களால? முடியாதுன்னா வேணாம்."

"சரிங்க," என்றாள் அம்சவல்லி. அது ஆசைப்பட்டுச் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் சொல்கிற சரிதான்.

அடுத்த ஞாயிறு கல்பனா வந்தபோது, அடுப்பங்கரையில் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே அம்சவல்லி அந்தக் கூடை விஷயத்தை அவளிடமும் சொன்னாள். ஒருமுறை வாயை விட்டு வந்துவிட்டதால் இரண்டாம் முறை சுலபமாக இருந்தது. கல்பனா கேட்டு முடித்துச் சுவரோடு சாய்ந்து அழுதாள். "ஏம்மா மொதல்லயே எங்கிட்ட சொல்லல? இத்த வச்சிக்கினு தனியாவா இருந்த?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அம்சவல்லி கீரையைத் தள்ளி வைத்துவிட்டு மகள் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். அவள் கண் காய்ந்துதான் இருந்தது. மகளாவது அழுகிறாளே என்று நினைத்தாள்.

புதனும் சனியும் தோட்டத்துக்குப் போனாள். எந்தப் புல்லைத் தொடக்கூடாது, எதை எடுக்கலாம் என்று ஆனந்தி காட்டினார். பார்த்தீனியத்தை எடுக்கலாம். தானாக முளைத்த உண்ணிச்செடியை எடுக்கலாம். கார்த்திகை மழை பெய்தது. மேடு சாய்ந்து கிடந்து வெயிலில் மறுபடி நிமிர்ந்தது. அவள் வேலை செய்தாள், சாப்பிட்டாள், பஸ் ஏறினாள். பெரிதாக ஒரு மாறுதலும் இல்லை. கோவிந்தன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அவள் இரண்டு பேசினாள்.

தை பிறந்து இரண்டாம் சனிக்கிழமை. கோவிந்தன் மோட்டார் ரிப்பேருக்குச் சந்தவாசல் போயிருந்தார். ஆனந்தி அறைக்குள் ஏதோ நடவுப் படம் வரைந்துகொண்டிருந்தார். அம்சவல்லி கீழ்ச் சரிவில் உண்ணிச்செடியை வெட்டிவிட்டு நிமிர்ந்தபோது, மேட்டில் நாலு மாடு நிற்பதைப் பார்த்தாள். யாரோ கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறார்கள். மாதையன் உச்சியில் வைத்த சீமார்ப்புல்லுக்குள் இறங்கி, ஒரு செவலை மாடு நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

முதலில் "ஏய்" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. அடுத்த "ஏய்" எங்கிருந்து வந்ததென்று தெரியாது, சரிவே அதிர்ந்தது. மேட்டின் மேல் ஓடினாள். மண்கட்டியை எடுத்து எறிந்தாள். செவலை மாட்டின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாள். கதவைத் திறந்து போட்டவன் எவன் என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினாள். மாடுகள் ஓடிய பிறகும் நிறுத்தவில்லை. மரத்தைத் திட்டினாள். புளியைத் திட்டினாள். அவ்வளவு பெரிய மரத்தில் ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரியவில்லையே என்று மாதையனைத் திட்டினாள். ஆனந்தி செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடி வந்து, கிட்டே வராமல் அங்கேயே நின்றார். அம்சவல்லி மூச்சு வாங்கி, மேட்டில் மிதிபட்ட புல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் சுரீரென்று தலையில் உறைத்தது.

இரண்டு நாளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. திங்கட்கிழமை போன் பண்ணிய கல்பனா அவள் குரலைக் கேட்டுப் பதறினாள்.

"இன்னாம்மா இது, சளியா? காய்ச்சல் கீதா? ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"காய்ச்சலும் இல்ல, ஒன்னியும் இல்ல," என்றாள் அம்சவல்லி, கரகரவென்று. "மாட்டைத் திட்டினேன்."