அம்மாவின் காதுக்கு எட்டாத ஃபேன்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் கட்டிலுக்கும் என் கம்ப்யூட்டர் மேசைக்கும் இடையே நான்கடி இருந்தது. நான் ஒரு செய்தித்தாளில் வரைபடங்கள் தயாரித்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கியது அம்மாவுக்குப் பேச்சுத்துணையாக இருப்பதற்காக. அந்த வேலைக்காகவே புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் வாங்கிப் போட்டேன்.

அம்மா இருபத்திரண்டு வருடம் பஞ்சாலையில் வேலை பார்த்தவள். தறிகளின் இரைச்சலில் காது போயிற்று. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் கம்ப்யூட்டரைப் போட்டதும் அவள் அதைக் கழற்றி வைத்துவிடுவாள்.

“உன் மிஷின் கத்துது, கூடவே என் மிஷினும் கத்துது. நான் எதைத்தான்டி கேக்கறது?”

கார்டின் மேல் தீப்பெட்டி அகலத்தில் ஒரு ஃபேன் வேகமாகச் சுற்றியது. எனக்கு அது லேசான இரைச்சல். காதுக் கருவி அந்தக் கீச்சொலியைப் பொறுக்கியெடுத்துப் பெரிதாக்கி அவளுக்குக் கொடுத்தது. ஆக, நான் வீட்டில் இருந்த நாட்களில்தான் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில், ப்ராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் பெரிய அலுமினிய ஹீட்சிங்க் ஒன்றும் உள்ளங்கை அகல ஃபேன் ஒன்றும் எடுத்தேன். கடைக்காரர் பில் போடாமல், கன்னடம் கலந்த தமிழில் தெரியுமா என்று கேட்டார்.

“மேடம், இது கார்டுக்கு இல்ல. மாட்டினா வாரண்டி போயிடும், கொத்தா?”

“தெரியும். சத்தம் கொறையணும்.”

“கேம் ஆடவா?”

“அம்மாவுக்கு.”

“அம்மா கேம் ஆடறாங்களா!”

கார்டின் ஃபேனையும் அதன் சிறிய ஹீட்சிங்கையும் கழற்றினேன். புதியது ஒரு கெப்பாசிட்டரில் இடித்தது. ஹீட்சிங்கின் இரண்டு தகடுகளை அரத்தால் தேய்த்துக் குறைத்தேன். சிப்புக்கும் உலோகத்துக்கும் இடையே தடவும் பேஸ்ட்டை ரொட்டிக்கு வெண்ணெய் போலப் பூசினேன். பத்து நிமிடத்தில் திரையெல்லாம் பச்சைப் புள்ளிகள். கார்டு சூடேறிவிட்டது. துடைத்துவிட்டு அரிசி மணி அளவு மட்டும் வைத்தேன். புள்ளிகள் வரவில்லை. பெரிய ஃபேனுக்குப் பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதில் ஏழு வோல்ட் போகும்படி ஒயரை மாற்றிச் செருகினேன். மெதுவாகச் சுற்றினாலும் காற்று போதுமானதாக இருந்தது.

அம்மாவைக் கருவி மாட்டிக்கொள்ளச் சொன்னேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“விசில் போச்சு. இப்ப வண்டு சுத்துது.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியேம்மா.”

“உனக்கு ஏன் கேக்கும்? உனக்குத்தான் காது நல்லா இருக்கே.”

கம்ப்யூட்டர் பெட்டியில் கை வைத்தேன். தகரம் நடுங்கியது. ஃபேனை அதில் இறுக்கமாகத் திருகியிருந்தேன். சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி வந்து, துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு திருகாணிக்கும் அடியில் வைத்தேன். சத்தம் அளக்க என்னிடம் மீட்டர் கிடையாது. நான் திருகாணியை அரைச் சுற்று தளர்த்துவேன். அம்மா “இருக்கு” என்பாள். இன்னும் அரைச் சுற்று. “இருக்குடி.” நான்காவது திருகாணியில் பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

“பக்கத்து வீட்டுல குக்கர் எத்தனை விசில் அடிக்கும்? யாரும் எறக்க மாட்டாங்களா?”

மறுநாள் காலை ஓர் அணையின் வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“யாரைடி திட்டற?”

வேலை செய்யும்போது நான் முணுமுணுப்பது எனக்கே தெரியாது. அவளோடு பேசுவதென்றால் முகத்துக்கு நேராகத்தான் பேச வேண்டும். பழக்கத்தில் நாற்காலியைத் திருப்பப் போனேன்.

“திரும்பாத. கேக்குது, அப்படியே சொல்லு.”

திரையைப் பார்த்தபடியே அணையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.