பக்க எண் வெட்டுப்பட்ட சதுரங்கப் புத்தகம்

எங்கள் வாசகசாலையின் சதுரங்க நூலில் தாள்கள் இடம் மாறிவிட்டன. எட்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. குறிப்புதவி நூல் வாசலைத் தாண்டாமல் பார்ப்பதுதான் நூலகர் வேலை. உள்ளேயே கெட்டால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. நூலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். இடம் கள்ளக்குறிச்சி. இடஒதுக்கீட்டு மறியல் நடந்த வருடங்கள்.

பைண்டர்

தடிமனான ஆங்கில நூல். ஆட்டத்தை எப்படித் தொடங்கலாம் என்று ஒவ்வொரு நகர்த்தலாகப் போட்டிருக்கும். எல்லாரும் புரட்டித் தையல் விட்டுப்போனது. பைண்டரிடம் கொடுத்தேன். ஓரம் சீராக வரட்டும் என்று தாள்களை மெஷினில் வைத்து வெட்டினார். அடியிலிருந்த பக்க எண்களும் சேர்ந்து போயின. அதன் பிறகு, கலைந்த தாள்களைக் கைக்கு வந்தபடி அடுக்கித் தைத்தார்.

எனக்குச் சதுரங்கம் தெரியாது. எண் எங்கே என்று மட்டும் கேட்டேன்.

“நம்பர் போனா இன்னா சார், கதை புஸ்தகமா இது, முன்ன பின்ன ஆனா கெட்டுப்போறதுக்கு?”

டைப்பிஸ்ட்

சேகர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். தினமும் சாப்பாட்டு வேளையில் வந்து அந்த நூலை எடுப்பார். வாசகசாலையில் இருந்த சதுரங்கப் பலகையைத் தொடமாட்டார். டைப்பிங் பாடம் போல உதடு அசைய மனப்பாடம்தான். ஒரு பக்கம் எட்டாவது நகர்த்தலில் முடியும், அடுத்தது ஒன்பதில் தொடங்கும். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆட்டம்தான் வேறு.

கடலூரில் மாவட்டச் சதுரங்க அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. ஒன்பதாவது நகர்த்தலுக்குக் குதிரையை எடுக்கக் கை நீட்டினாராம். அது எப்போதோ வெட்டுப்பட்டு எதிராளி பக்கம் கிடந்ததாம். அடுத்த தேர்விலும் முதல் நாலு பேருக்குள் வராவிட்டால் இனி ஆடுவதில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். தப்பு நூலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

“அச்சு போட்ட புஸ்தகத்துல தப்பு இருக்குமா சார், நான்தான் சரியா மனப்பாடம் பண்ணல.”

மறியல்

புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். சேலம் பக்கமும் போக முடியாது, விழுப்புரம் பக்கமும் போக முடியாது. பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்ட வெளியூர் கண்டக்டர் ஒருவர் ஃபேன் காற்றுக்காக உள்ளே வந்தார். அலமாரியைப் பார்த்தார், சதுரங்க நூலைக் கேட்டார். டிப்போ ஓய்வறையில் கற்ற ஆட்டமாம்.

அவர் பலகையை எடுத்து வைத்து, நூலில் உள்ளபடி ஒவ்வொன்றாக நகர்த்தினார். பக்கம் திருப்பினார். நின்றார். திரும்பவும் முதலிலிருந்து ஆடினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“போன பக்கத்துல செத்த குதிரை இங்க எப்படி சார் உசுரோட நிக்குது?”

பஸ் கிளம்பியது

தையலைப் பிரிக்க அனுமதி கேட்டார். விதிப்படி கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். ஒவ்வொரு தாளின் கடைசி நிலையையும் பலகையில் நிறுத்தி, எந்தத் தாள் அதோடு பொருந்துகிறது என்று தேடினார். பொருந்தியவற்றை டிக்கெட் கட்டு மாதிரி ரப்பர் பேண்டு போட்டு, பென்சிலால் எண் எழுதினார். எனக்கும் ஆவல் வந்து கீழே உட்கார்ந்து தாள் எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாள் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை.

நாலாம் நாள் ரோடு திறந்துவிட்டது. இன்னும் பதினோரு தாள் பாக்கி. டிரைவர் வாசலில் நின்று, “யோவ், வண்டி எடுக்கணும்யா” என்றார். கண்டக்டர் தலையைத் தூக்கவில்லை.

“பத்து நிமிசம் இருய்யா, ராஜா மாட்டிக்கினு கீறான்.”

கடலூர்

கண்டக்டர் முடித்துக் கொடுத்துவிட்டுப் போன நூலைச் சேகரிடம் காட்டினேன். எட்டு மாத மனப்பாடம் வீண். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. கையில் பலகையைத் திணித்து, ஆடிப் பார்த்துப் படியும் என்றேன். படித்தார். போனார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

“நாலாவது எடம் சார். நான் சொன்னா வூட்டுல நம்ப மாட்டாங்க, நீங்க வந்து சொல்லுங்க.”

இருபத்தாறு வருடம் அந்த நூலுக்குக் காவல் இருந்தும் ஒரு பக்கம்கூடப் படிக்காத நூலகர் நான். அதைச் சரி செய்தவர் கண்டக்டர் கோவிந்தசாமி.