பெரிய வெள்ளியன்று தலையசைத்த பேதுரு

பிலிப்பைன்ஸில் எங்கள் நீக்ரோஸ் தீவில் ஸ்பானியர்கள் முந்நூறு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். போகும்போது கரும்புக் காடுகளையும் புனிதர் சிலைகளையும் எடுத்துப்போக முடியவில்லை. இரண்டும் சில குடும்பங்களின் கையில் தங்கிவிட்டன. எங்கள் ஊரில் புனித பேதுரு இபரோலா குடும்பத்துச் சொத்து. பெரிய வெள்ளி ஊர்வலத்தில் முதல் சப்பரம் அவருடையது.

சொத்து அவர்களுக்கு, சுமை பொலிகார்ப்போவுக்கு. கரும்பு வெட்டும் இவர் குடும்பம்தான் நாலு தலைமுறையாகச் சிலைக்கு உடை உடுத்திச் சப்பரம் தள்ளுகிறது. கூலியாக, இபரோலா நிலத்தில் குடிசை போட ஓர் ஓரம். பேதுரு ஊர்வலம் போகும்வரை குடிசை இருக்கும் என்பது வாய்ப்பேச்சு.

பொலிகார்ப்போ சாது. சண்டையில் செத்த சேவலைக் குழம்பு வைக்க விடாமல் அடக்கம் செய்கிறவர். வழுக்கை, நரைத்த தாடி. ஊரார் அவரைச் சிலையின் தம்பி என்பார்கள்; சிலைக்குக் கொஞ்சம் லட்சணம் கூட.

அந்த வருஷம் பெரிய வெள்ளி மத்தியானம் அங்கியை மாட்டும்போது சிலை பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டது. தலையும் கைகளும்தான் தந்தம்; அங்கிக்குள் இருந்தது வெறும் மரச்சட்டம், அதைக் கரையான் தின்றிருந்தது. தலை உருண்டுபோய்ப் பன்றித் தொட்டியில் மோதி இரண்டாகப் பிளந்தது.

அவர் மனைவி பெலாஹியா அழவில்லை. புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்கிய நீ மாட்டிக்க."

"பாவம்டி."

"வீடு போனா மட்டும் புண்ணியமா? ஏறி நில்லு. கொட்டாவி மட்டும் விட்டுடாத."

தைரியத்துக்கு ஒரு மடக்குக் கள்ளு குடித்துவிட்டு ஏறி நின்றார். கையில் பேதுருவின் மோட்சச் சாவி, காலடியில் அவருடைய மரச்சேவல். வழக்கப்படி ஊரே வந்து கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்திருக்கும். ஒருவரும் மூச்சுவிடவில்லை, பேதுரு வராவிட்டால் முதலிடம் சர்க்கரை ஆலைக்காரரின் புனிதருக்குப் போய்விடுமே. கூட வேலை செய்யும் பக்கத்துக் குடிசை ரோமுலோ மட்டும் மூக்கைத் தேவைக்கு மேல் அழுத்தித் துடைத்தான்.

இபரோலா மாளிகை வாசலில் சப்பரம் நின்றது. எஜமானி தோன்யா கொன்சொலாசியோன் இறங்கி வந்தாள். காது மந்தம், ஆகவே அவள் ரகசியம் தெருக்கோடிவரை கேட்கும். பொலிகார்ப்போவின் பாதத்தை முத்தமிட்டாள். நாலு தலைமுறையில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் மரியாதை.

"பேதுருவே, ஈஸ்டர் முடிஞ்சதும் குடிசை நிலத்த சோலார் கம்பெனிக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். பொலிகார்ப்போ நல்லவன்தான், ஆனா மக்கு. எங்கயாவது பொழைச்சுப்பான். உங்களுக்குச் சம்மதம்தானே?"

சிலை இடமும் வலமும் தலையசைத்தது.

அவள் மயங்கி விழுந்திருக்க வேண்டும். இபரோலாக்கள் மோட்சத்து வாசலிலும் பேரம் பேசுகிற ஜாதி.

"சரி, அவன் குடிசைய மட்டும் விட்டுடறேன்."

அவர் வேண்டியதே அதுதான். சம்மதிக்கப்போனவர் கண்ணில், கூட்டத்தில் நின்ற பக்கத்துக் குடிசைக்காரர்கள் பட்டார்கள். ரோமுலோ கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தான். தலை மறுபடி இடமும் வலமும் போனது.

"குடிசை வரிசை முழுக்கவா?"

மேலும் கீழும் ஆட்டினார், அங்கி நழுவும் அளவுக்கு. தெருவே "ஆமென்" என்றது. ஊர் முன்னால் கேட்டுவிட்டு ஊர் முன்னால் மறுக்க அவளால் முடியவில்லை.

ஈஸ்டர் கழிந்து வரிசைக்காரர்கள் பட்டா வாங்கப் போனார்கள். பொலிகார்ப்போவின் முறை வந்தபோது தோன்யா தாளை உடனே விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் பேதுருவக் கள்ளு குடிக்காம வரச் சொல்லு."

பொலிகார்ப்போ குனிந்தபடியே, பார்த்தால் சொல்வதாகச் சொன்னார்.