எங்கள் வீட்டில் தங்கிய போலந்துப் பெண்

வன்னியில் போர் முடிந்த அந்த வைகாசியில், டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் எங்கள் வீட்டில் ஒரு போலந்துப் பெண் தங்கியிருந்தாள்.

தையல் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவளும் போலந்துக்காரிதான். அவர்களுடைய நாட்டில் கருக்கலைப்புக்குச் சட்டம் அநேகமாக இடம் தராது. டென்மார்க்கில் ஆஸ்பத்திரியிலேயே செய்வார்கள். ஆகவே அவளும் வேறு சில பெண்களும் சத்தமில்லாமல் ஊரிலிருந்து பெண்களை வரவழைத்து, கூட்டிக்கொண்டுபோய், திருப்பி அனுப்பிவந்தார்கள். இந்த முறை தங்கவைக்க இடமில்லை. அவளுடைய வீட்டில் ஊர்க்காரரும் இருந்தார்கள். கண்டால் கதை ஊருக்குப் போய்விடும். தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்.

என் கணவர் எங்கள் தேவாலயச் சபையில் முன்னுக்கு நிற்கிறவர். அப்போது போரை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலங்களுக்காகக் கோப்பன்ஹேகனில் நின்றார். நான் ஓமென்றுவிட்டேன்.

வந்தவள் மூன்று பிள்ளைகளின் தாய். கடைசிப் பிரசவத்தில் பிழைத்ததே பெரிய காரியம். இன்னொன்றை உடம்பு தாங்காது என்று சொன்ன டாக்டரே அதை எழுதித் தர மறுத்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் பக்கத்து மெஷின் சிநேகிதி மொழிபெயர்க்க உள்ளே போனாள். நான் வந்தவளுடைய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ரசம் வைத்துக் கொடுத்தேன். உறைப்பில் கண் கலங்கியும் முழுவதையும் குடித்தாள். தொலைக்காட்சியில் எங்கள் சனம் நீரேரியைக் கடந்து வருவதைக் கண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம், போர் முடிந்துவிட்டதென்று கணவர் திரும்பி வந்தார். சோபாவில் படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“ஆரப்பா இது?”

மறைக்காமல் சொன்னேன்.

“அங்கை அவ்வளவு சனம் செத்துக் கிடக்குது. இஞ்சை நீ...”

“இஞ்சருங்கோ, இவவும் செத்திருப்பா. மூண்டு பிள்ளையளும் தாயில்லாமல் நிண்டிருக்குங்கள்.”

அவர் அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாள் காலை மழை. அவளை ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போக நான் குடை தேடிக்கொண்டிருந்தபோது, அவர் கார்த் திறப்பை எடுத்தார்.

“அவவாலை இப்ப நடக்க ஏலாது. நான் கொண்டுபோய் விடுறன். நீயும் வா.”

அவளுடைய பையை அவரே ரயிலில் ஏற்றினார். திரும்பும்போது, “நான் சரியெண்டு சொல்லேல்லை,” என்றார்.

“ஓம்,” என்றேன்.

பிறகும் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் கோல்டிங்கில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விடுவார். போவதற்கு முன் சோபாவை இழுத்து விரித்து, படுக்கையாக்கிவிட்டுத்தான் போவார்.