காக்கா கொண்டுவந்த பின்பால் பெட்டிகள்

என் அண்ணன், எங்கள் வழக்கில் காக்கா, குவைத்தை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்து மூன்று மாதம் கழித்து, அவர் கப்பலில் போட்ட சாமான்கள் வந்து சேர்ந்தன. லொறி அவருடைய வீட்டுக்குப் போகாமல் கல்முனையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. பக்கத்து மருதமுனையில் அவர் மனைவியின், அதாவது என் மச்சியின், வீட்டு முன்னறையை முழுக்கத் தறி பிடித்திருக்கிறது, கதவும் ஒடுக்கம். அதனால் இங்கே இறக்கச் சொல்லிவிட்டாராம். எனக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான்கு பேர் பிடித்து மூன்று மரப்பெட்டிகளை இறக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்னென்ன கொண்டுவருவார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கம்பளி, பால்மா, பெரிய டிவி. காக்கா ஆணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்தபோது உள்ளே நாலு காலில் நிறுத்தக்கூடிய ஒரு நீண்ட பெட்டி இருந்தது. மேலே கண்ணாடி, அதற்குக் கீழே சாய்ந்த பலகை, பலகையெங்கும் சின்னச் சின்ன பல்புகள். தலைமாட்டில் நிமிர்ந்து நின்ற கண்ணாடியில் சீட்டுக்கட்டு ராணியின் படம் வரைந்திருந்தது.

பின்பால் என்றார். உருக்குக் குண்டு ஒன்றை வில்லால் மேலே அடித்துவிட்டால் அது அங்குமிங்கும் முட்டி மோதி உருண்டு வரும். பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினால் அடியில் இரண்டு துடுப்புகள் எழும்பி அதைத் திரும்ப மேலே தட்டும். குண்டு தப்பி விழும்வரைக்கும் புள்ளி ஏறிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய காலத்துப் பெட்டிகள் இவை. காந்தச் சுருள்களும் சுவிட்சுகளும் வயர்களும்தான் எல்லாவற்றையும் நடத்துகின்றன. சீட்டுராணிப் பெட்டியைப் போல இன்னொன்றைத் தான் எங்கும் கண்டதில்லை என்றும் சொன்னார்.

குவைத்தில் ஒரு விளையாட்டு நிலையத்தில் மெஷின்கள் திருத்துவதுதான் அவருடைய வேலை. கொரோனாவுக்குப் பிறகு அதை மூடியபோது, கிடங்கில் கிடந்த இந்த மூன்றையும் குப்பையில் போடச் சொன்னார்களாம். காக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். எங்களைப் பெற்ற வாப்பா இளவயதிலேயே மவுத்தாகிப் போனதால் அந்தப் பாரம் காக்காவின் தலையில் விழுந்தது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்ட அவர், கலியாணம் முடித்த கையோடு கடல் கடந்தார். பதினாறு வருடம் அங்கே நின்றார். நான் பல்கலைக்கழகம் போனேன், பௌதிகவியல் ஆசிரியையானேன், எனக்கு வீடும் எழும்பியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். தனக்கென்று அவர் கொண்டுவந்தது இந்த மூன்று பெட்டிகள் மட்டும்தான்.

அவற்றை வைக்க இருந்த ஒரே இடம் என் கணவர் நெல் மூட்டை அடுக்கும் அறை. எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அவரே மூட்டைகளைத் தூக்கத் தொடங்கிவிட்டார்.

“அவரு கட்டின ஊடு. நெல்ல நான் வேற எங்கயாச்சும் வெப்பன்” என்றார்.

சீட்டுராணிப் பெட்டியைத்தான் முதலில் திறந்தோம். கிடங்கில் கிடந்த காலத்தில் எலி உள்ளே குடித்தனம் நடத்தியிருந்தது. கட்டுக்கட்டாக ஓடிய வயர்களில் பாதி கடிபட்டிருந்தன. புள்ளி காட்டும் சக்கரங்கள் துருவில் இறுகிப்போயிருந்தன. காக்கா ஒரு சக்கரத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டார்.

பாடசாலை விட்டு நான் வரும்போது தினமும் அவர் அந்த அறையில் குனிந்தபடி இருப்பார். கருகிப்போன சுருள்களைத் தண்ணீர்ப் பம்ப் மோட்டர் திருத்துகிறவரிடம் கொடுத்துப் புதிதாகச் சுற்றுவித்தார். குண்டு மோதித் தெறிக்கும் இறப்பர் வளையங்கள் உக்கிப்போயிருந்தன. அதே அளவில் சம்மாந்துறையில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை ஒன்றில் கிடைத்தன. அந்த நாட்களில் மின்வெட்டு வேறு. எங்கள் பகுதிக்கு எந்த நேரம் கரண்ட் என்ற அட்டவணையைக் கதவில் ஒட்டிவைத்து அதன்படி வேலை பார்த்தார்.

ஒருநாள் பெட்டியின் அடியில் மடித்துக் கிடந்த ஒரு பெரிய தாளை என்னிடம் நீட்டினார். மேசை கொள்ளாத நீளம். அந்தப் பெட்டியின் மின்சுற்றுப் படம்.

“எனக்கு இதுகள்ற சத்தந்தான் தெரியும். படம் வாசிக்கத் தெரியா” என்றார்.

இத்தனை வருடம் மெஷின் திருத்திய மனிதர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டார். நான் தாளை விரித்தேன். உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் கரும்பலகையில் நான் கீறும் சுற்றுகள்தான், ஆனால் ஒரு ஊரளவுக்கு. இந்த சுவிட்ச் மூடினால் அந்தச் சுருள் இழுக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் விரலால் தட்டிக் காதைக் கொடுத்து, ஓம், இது இழுக்குது, இது ஏலாது என்பார். நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் ஒன்றாக இருந்து கதைத்தது சின்ன வயதுக்குப் பிறகு அப்போதுதான்.

அதற்குள் தெருவில் கதை பரவிவிட்டது. டீச்சர் வீட்டில் சூதாட்டப் பெட்டி வந்திருக்கிறதாம். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், காசு போட்டால் காசு வெளியே வருமா என்று. வராது, கூடப் புள்ளி எடுத்தால் இன்னொருமுறை விளையாட விடும், அவ்வளவுதான் என்றார் காக்கா. சொன்னதோடு நிற்காமல் காசு போடும் துவாரத்தை இரும்போடு கழற்றி அவர்கள் முன்னால் வைத்தார். மூத்தவர் பெட்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, துடுப்புப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை.

“வேல செய்யக்குள்ள ஒருக்கா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிவாசலைவிட மச்சியை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் வராமலே இருந்தவர், ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினார். மூன்று நாளாகப் பகல் சோறு ஆக்கி வைத்து, வராத மனிதருக்காகக் காத்திருந்திருக்கிறார். அறை வாசலில் நின்று, காக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். அவருக்கு நானும் மச்சிதான்.

“பதினாறு வருசம் கடலுக்கு அங்கால இருந்தாரு. இப்ப கல்முனையில இரிக்காரு. எனக்கு ரெண்டும் ஒண்டுதான் மச்சி.”

காக்கா கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். எனக்கு நிலத்தைத்தான் பார்க்க முடிந்தது. பிள்ளைகளும் இல்லாத வீட்டில் மச்சி தறியோடு கழித்த அந்த வருடங்கள்தான் என் வீட்டுச் சுவராக நின்றன. எனக்கு அது தெரியாததல்ல. ஆனால் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். அழாமல் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. மச்சி என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். காக்கா ஒட்டிச் சேர்த்த வயர்கள் அங்கே பிரிந்து தொங்கின.

“இது என்ன, குருவிக்கூடா?” என்றார்.

பழைய கட்டுகள் எலி கடிக்காத இடங்களில் இன்னும் இருந்தன. பெட்டியைச் செய்தவர்கள் வயர்க் கற்றையை மெழுகு தடவிய நூலால் விரலளவு இடைவெளி விட்டு முடிந்திருந்தார்கள். மச்சி ஒரு முடிச்சை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். திங்கட்கிழமை திரும்ப வந்தபோது கையில் நூல் பந்தும் ஒரு துண்டு மெழுகும் இருந்தன. அந்த வாரம் முழுக்க நிலத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, நிறம் நிறமாகப் பிரித்து, தறியில் பாவு நூல் ஒழுங்குபடுத்துவதுபோல வயர்களை நிரையாக்கிக் கட்டினார். பகல் சோறு மூவருக்கும் மருதமுனையிலிருந்து வந்தது.

பெட்டிக்கு உயிர் வந்தது ஒரு வியாழக்கிழமை பின்னேரம். பல்புகள் எரிந்தன, மணி அடித்தது, குண்டு ஓடியது. ஆனால் இருவர் மாறி மாறி ஆடும் பெட்டியில், நான் அடித்த புள்ளி காக்காவின் சக்கரத்தில் ஏறியது, அவர் அடித்தது என்னுடையதில். எங்கோ இரண்டு வயர்கள் மாறியிருக்க வேண்டும். படத்தில் ஒன்று செம்மஞ்சள், மற்றது மஞ்சள். பெட்டியிலும் அப்படியே இருந்தன. நானும் காக்காவும் இரண்டு நாள் தலையை உடைத்தும் பிழை பிடிபடவில்லை.

மச்சி ஒரு கத்தரிக்கோலை எடுத்து, தான் கட்டாத ஒரு பழைய முடிச்சை வெட்டினார். நூல் மூடியிருந்த இடத்தில் வயரின் நிறம் புதிதாகத் தெரிந்தது.

“நீங்க மஞ்சள் எண்டு பாக்கிறது மஞ்சள் இல்ல. இதுதான் செம்மஞ்சள், வெளிறிப் பெயித்து. நீங்க செம்மஞ்சள் எண்டு பாக்கிறது சிவப்பு” என்றார். “எங்கட நூலும் வெயில்ல கிடந்தா இப்பிடித்தான்.”

அப்படியென்றால் உண்மையான மஞ்சள் எங்கே? மூன்றாவதாக ஒன்று, வெள்ளை என்று நாங்கள் ஒதுக்கியிருந்த கூட்டத்தில் கிடந்தது. அங்கேயும் ஒரு முடிச்சை வெட்டிக் காட்டினார். காக்கா மூன்றையும் மாற்றி ஒட்டினார். மச்சியை முதலில் ஆடச் சொன்னோம். குண்டு மேலே போய் ஒரு தூணில் மோதியது, மணி அடித்தது, புள்ளி அவருடைய சக்கரத்தில் ஏறியது. மச்சி பொத்தானை விட்டுவிட்டுச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் குண்டு விழுந்துவிட்டது. திரும்ப ஒருக்கா என்றார்.

பள்ளிவாசல் மூத்தவருக்கும் சொல்லி அனுப்பினோம். வந்து மூன்று ஆட்டம் ஆடினார்.

நான் கைபேசியில் எடுத்த வீடியோ எப்படியோ சுற்றி, தீவின் மறுகரையில், மேற்கே நீர்கொழும்பில் கடற்கரை விடுதி வைத்திருக்கும் ஒருவரிடம் போனது. அவரிடமும் பழைய பெட்டி ஒன்று உடைந்து கிடக்கிறதாம். வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போகிறேன் என்று காக்கா சொல்ல, நானும் வருகிறேன் என்று மச்சி சொன்னார். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவர்கள் சேர்ந்து போகும் முதல் தூரப் பயணம் அதுதான். மச்சி புது உடுப்போடு நூல் பந்தையும் பையில் வைத்தார்.

போன மறுநாள் பின்னேரம் மச்சி எனக்குப் போன் எடுத்தார். அந்தப் பெட்டியில் ஊதா வயரும் இருக்கிறது, வேலை நிறையக் கிடக்கிறது என்றார். பிறகு, “இஞ்ச பொழுது கடலுக்குள்ள போகுது மச்சி. நம்மட பக்கம் கடலுக்குள்ளால வாற பொழுதத்தானே நான் கண்டிரிக்கன்” என்றார்.

எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று கேட்டேன். நாளைக்கு வருவதாகத்தான் இருந்ததாம். இன்னும் ரெண்டு நாள் நின்றுவிட்டுப் போவோம் என்று காக்கா சொல்கிறாராம்.