நிறம் ஏறாத இரண்டு தகடுகள்

முதலில் களைத்தது கால்தான். அச்சுவேலியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு சட்டைக்குக் கை பொருத்தி முடிப்பதற்குள், மெசினை மிதிக்கும் கால் இரண்டு தடவை நின்று இளைப்பாறியது. நாற்பத்தைந்து வயதில் இதெல்லாம் வரும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். நீங்களும் இப்போது அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள்.

இரத்தம் குறைவு என்றார்கள். நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்யும் என் அண்ணன் கிழமைக்கு இரண்டு தரம் முருங்கையிலை கொண்டுவந்து போட்டார். தேங்காய்ப்பூப் போட்டு வறை, தேங்காய்ப்பாலில் சொதி, மறுபடி வறை. இரத்தம் ஏறவில்லை. குடலுக்குள் ஒரு கட்டி கசிந்துகொண்டிருக்க, நான் ஆடு மாதிரி ஒரு வருடம் இலை தின்றேன்.

கட்டி பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்தது. வெட்டியெடுத்தார்கள். கணவருக்கு வேலை வவுனியாவில். லீவு முடிந்து அவர் போக, ஆஸ்பத்திரியில் எனக்குத் துணை அண்ணன்தான். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை, அப்பா அல்சரில் (வயிற்றுப்புண்) இறந்தவர் என்றேன். எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. பக்கத்தில் நின்ற அண்ணன் என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

கட்டியை இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கிளினிக்குக்கு முதல் நாளே அறிக்கை கைக்கு வந்துவிட்டது. நாலு புரதங்களில் இரண்டுக்கு நிறம் ஏறியிருக்கிறது, இரண்டுக்கு ஏறவில்லை என்ற அளவுக்கு எழுத்துக்கூட்டிப் படித்தேன். கெட்டது இருந்தால்தானே நிறம் காட்டும் என்பது என் நினைப்பு. அண்ணனுக்குப் போன் எடுத்து, "ரெண்டு சுத்தமாம் அண்ணை" என்றேன்.

"பிள்ளையார் பாதியைத் துடைச்சுப்போட்டார். மிச்சத்தையும் துடைப்பார்" என்றார். விடியவே கோயிலுக்குப் போய் இருபத்தொரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் என்னைக் கூட்டிப்போக வந்தார்.

டொக்டர் என்னைவிட இளைய பெண். தேங்காய்க் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் நாலு வட்டம் கீறி விளக்கினார். உடலின் கலம் (செல்) ஒவ்வொன்றும் பிரியும்போது தன் டி.என்.ஏயை (பரம்பரைக் குறிப்பு) படியெடுக்கிறது. படியெடுக்கும்போது பிழை வரும். அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. பிசகிய தையலைப் பிரித்துத் திரும்பத் தைப்பது மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன்.

அந்தப் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று அறிய, கட்டியை மெல்லிய சீவல்களாக்கிக் கண்ணாடித் தகடுகளில் வைக்கிறார்கள். தகட்டுக்கு ஒன்றாகப் பிறபொருளெதிரியை (குறித்த ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டுவது) விடுகிறார்கள். புரதம் இருந்தால் அது ஒட்டும். அந்த இடத்தில் மண்ணிறம் ஏறும்.

"நிறம் வந்தால்தான் நல்லம், அம்மா" என்றார் டொக்டர். "இந்த ரெண்டு தகட்டிலையும் பக்கத்திலை இருக்கிற நல்ல கலங்கள் மண்ணிறமாத்தான் இருக்கு. கட்டியிலை மட்டும் இல்லை. திருத்திற ரெண்டு புரதமும் அங்கை இல்லை."

பிறகு அண்ணனைப் பார்த்தார். "இது பரம்பரையா வரக்கூடியது. அம்மாவின்ரை இரத்தம் எடுத்து உறுதிப்படுத்துவம். உறுதியெண்டால் கூடப்பிறந்த ஆக்களுக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாம். ஐயாவும் குடலுக்குக் கமெரா விட்டுப் பாக்கவேணும். அப்பாவுக்கு உண்மையா அல்சர்தானோ?"

"ஓம்" என்றார் அண்ணன்.

வீடு திரும்பும் வழியில், ஓட்டோ இருபாலையைத் தாண்டியதும் சொன்னார். "அப்பாவுக்கு அல்சர் இல்லை. குடலிலைதான். வெட்டிப் பாத்திட்டு அப்பிடியே மூடிப்போட்டினம். உனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். பரம்பரை வருத்தம் இருக்கோ எண்டு கேட்பினமெல்லே. நான்தான் அல்சர் எண்டு சொன்னனான்."

அன்று வந்த கோபத்தை எழுதாமல் விட்டால் இது பொய்க் கட்டுரை ஆகிவிடும். தெரிந்திருந்தால் இலை தின்றே ஒரு வருடத்தைத் தீர்த்திருப்பேனா? மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் எங்கள் வாசல் படலையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் தொங்கியது, ஆளைக் காணவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்லத் தெரிந்த மனிசனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. என் கலியாணத்துக்காக, இருபத்தாறு வயதில் அப்பாவின் சாவைத் தனியாகச் சுமந்து திரிந்தவர் அவர். எனக்கு அண்ணன் என்றால் உயிர்.

இரத்தப் பரிசோதனையும் உறுதிப்படுத்தியது. அப்போதும் அண்ணன் கமெராவுக்கு அசையவில்லை. அவருடைய மகள் தர்சிகாவுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளையின்ரை அலுவல் முடியட்டும். பிறகு போறன்."

"எனக்கு மறைச்சது காணும், அண்ணை. அவளுக்கும் மறைக்கப் போறியளோ?"

தோட்டத்தில் வாழையடியில் முளைத்த குட்டிகளை நடுவதற்குக் கிளப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நோய் பிடிச்ச வாழையின்ரை குட்டியை நான் ஒருத்தருக்கும் நடக் குடுக்கிறேல்லை. உனக்குத் தெரியும்தானே" என்றார். தன் மகளைத்தான் சொல்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அவள் வாழைக்குட்டி இல்லை, எங்கடை பிள்ளை. கமெரா விட்டுப் பாத்தால் முளையிலேயே எடுக்கலாமாம். வாழைக்கு அப்பிடி ஏதும் இருக்கோ?"

அடுத்த நாள் தர்சிகாவிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய கமெராவுக்குத் திகதி எடுத்தது அவள்தான்.

வயிறு கழுவும் மருந்துத் தண்ணீர் முழுவதையும் அண்ணன் என்னைத் திட்டித் திட்டியே குடித்து முடித்தார். மூன்று சதைமுளைகள் (குடலின் உட்சுவரில் எழும் சிறு கட்டிகள்) இருந்தன. ஒன்று புற்றாக மாறத் தொடங்கியிருந்தது. குழாய் வழியாகவே மூன்றையும் எடுத்துவிட்டார்கள். கலியாணம் முடியட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைப்பதில்லை.

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. காரணம் ஒருவரும் சொல்லவில்லை. தர்சிகா இரண்டு நாள் அழுதாள். தானும் இரத்தம் கொடுத்துப் பார்ப்பதா என்று இன்னும் யோசிக்கிறாள். அது அவளுடைய முடிவு. தெரிந்துகொண்டு யோசிக்கிறாள், அது போதும் எனக்கு.

என் உடம்பை நான் இப்போது முழுதாக நம்புவதில்லை; அதன்மேல் கோபமும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை நானும் அண்ணனும் ஒரே நாளில் கமெராவுக்குப் போகிறோம். எங்கள் இருவருக்கும் வருடம் பிறப்பது அந்த நாளில்தான்.

இந்த முறை இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்றார்கள். வெளியே வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பா ஐம்பத்துமூண்டிலை போனவர். எனக்கு ஐம்பத்துநாலு ஆச்சு" என்றார். "இந்த வயசிலை எப்பிடி இருக்கிறதெண்டு அவர் எனக்குக் காட்டித் தரேல்லை."

"நீங்கள் இருந்து பாத்துச் சொல்லுங்கோ, அண்ணை" என்றேன். "நான் ஆறு வருசம் பின்னாலை வாறன்."