கறுப்புத் தரையும் கம்பளிக் காலுறையும்

குன்னூரில் எங்கள் வீட்டில் காலைத் தேநீர் என் கணவர் பொறுப்பு. நான் படுக்கையை விட்டு எழுமுன் டம்ளர் கைக்கு வந்துவிடும். அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபிறகு அது நின்றது. "தினமும் நடக்கணும். ஆனா விழவே கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டின் பழைய சிமெண்ட் தரையோ குண்டும் குழியுமாக இருந்தது. சரி, கல் பதித்துவிடுவோம் என்று மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினோம்.

கடையில் நான் சொரசொரப்பான சாம்பல் நிறக் கல்லைக் காட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் எஸ்டேட் குவார்ட்டர்ஸின் சிமெண்ட் தரையில் இருந்தவர். முகம் தெரிகிற கறுப்பு கிரானைட்தான் வேண்டுமாம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைத்தடியோடு அதன்மேல் நடந்தே காட்டினார்.

"பாத்தியா புள்ள, வழுக்குதா? கல்லுன்னா இதுதான் கல்லு!"

வழுக்கவில்லைதான். மலைக்குக் கீழே கொளுத்துகிற வெயில், காய்ந்த கல், வெறுங்கால். எங்கள் ஊரில் வீட்டுக்குள் வெறுங்காலோடு யார் நடக்கிறார்கள்? தூங்கும்போதுகூடக் கம்பளிக் காலுறைதான். அங்கே நின்றபோது இருவருக்கும் அது தோன்றவில்லை.

பதித்து முடித்ததும் தரை கண்ணாடியாக மின்னியது. வந்தவர்களெல்லாம் புகழ, இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஐப்பசி மழை பிடித்தது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்தது, கல் வேர்த்தது. காய்ந்த துணியால் துடைத்து நிமிர்வதற்குள் மறுபடி ஈரம். ஒருநாள் ஹாலில் அவர் கால் சர்ரென்று போனது. நல்லவேளை, பீரோவைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நீ பின்னுன சாக்ஸ்தான் வழுக்குது" என்றார்.

"ஆமாங்க, உங்க கல்லு ஒண்ணுமே அறியாத பச்சப்புள்ள!"

சண்டை சிரிப்பில் முடிந்தது, பயம் முடியவில்லை. அன்று முதல் அவர் நாற்காலியை விட்டு எழ மறுத்தார். தினமும் நடக்க வேண்டிய கால் அது.

கல் பதித்த மேஸ்திரியைக் கூப்பிட்டேன். பெயர்க்க வேண்டியதில்லை, மெஷின் வைத்து மேல் பளபளப்பை எடுத்தால் கால் வழுக்காது என்றார். வீடு முழுக்க எடுங்கள் என்றேன் நான். முடியவே முடியாது என்றார் கணவர். கடைசியில், ஆள் நடக்கிற அகலத்துக்கு மட்டும் எடுக்கலாம் என்று இறங்கி வந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் அங்கிருந்து குளியலறைக்கும் மேஸ்திரி சாக்பீஸால் கோடு போட்டார். என் கணவர் கைத்தடியைச் சமையலறைப் பக்கம் நீட்டினார்.

"அங்க எதுக்குங்க? நான் இருக்கேனே" என்றேன்.

"அடுப்பு வரைக்கும் போடுங்க மேஸ்திரி" என்றார், என்னைப் பார்க்காமலே.

இப்போது மின்னுகிற தரைக்கு நடுவே மங்கலாக ஒரு பாதை போகிறது. வருகிறவர்கள் கறையா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

இன்று காலையும் வெளியே ஒரே மேகம். போர்வைக்குள் இருந்தபடியே கைத்தடி ஊன்றுகிற சத்தத்தைக் கேட்டேன். போயிற்று, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. டம்ளரில் தேநீர் பாதிதான் இருந்தது, மீதி வழியெல்லாம் சிந்தியிருந்தது.

"சீக்கிரம் தொடச்சுடு புள்ள, கல்லுல கறை புடிச்சுக்கும்" என்றார்.

"புடிக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, ஆறுவதற்குள் குடித்தேன்.